படிக்கத் தெரியாத பண்ணை

பெகு ரயிலடியில் பழைய சாமான் கடையில்
உடைந்த மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே
கிடந்தது. கெட்டி அட்டை. ஓரம் எலி கடித்தது.
ஆயிரத்து ஐந்நூறு கியாட் சொன்னான்,
ஆயிரத்துக்குத் தந்தான்.
எழுத்து ஜப்பான் எழுத்தாம்.
எதுவானால் என்ன,
எனக்குப் பர்மிய எழுத்தே பஸ் பலகை வரைக்கும்தான்.

ஆகவே படம் பார்த்துச் சொல்வேன்.
பள்ளியில் தின்சா, வீட்டில் வடிவு,
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடி.
"இது பன்றி. பேர் பொன்னுரங்கம்."
"நேத்து வேற பேர் சொன்னே."
"நேத்து அது வேற பன்றி."
"அதே சேறும்மா. அதே வால்."
ஐந்து வயதிடம் பொய் சொல்ல
நல்ல ஞாபகசக்தி வேண்டும்.

மேட்டில் ஒன்று, உடம்பெல்லாம் பஞ்சு.
இந்தப் பக்கம் அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லை.
ஆடு என்றேன்.
"ஆட்டுக்குக் காய்ச்சலா?"
ஆமாம் என்றேன், அதனால்தான் போர்த்தியிருக்கிறார்கள்.
அன்றிலிருந்து அந்தப் பக்கம் வந்தால்
அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் புரட்டுவாள்.

சிவப்புக் கொட்டகைக்குத் தாளில் ஒரு கதவு.
திறந்தால் பசு.
ஏணியை மடித்தால் பூனை.
வைக்கோலைத் தூக்கினால்
ஒரு கோழி,
அதன் கீழே ஒரு முட்டை.

இதை மட்டும் நான் அவசரமாகப் புரட்டிவிடுவேன்.
அவள் விரலை வைத்து அழுத்திக்கொள்வாள்.
"நீ வேலைக்குப் போற பண்ணையில
இது எங்க இருக்கு?"

சுங்கச்சாவடி தாண்டித் தகரக் கூரை.
மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு, நாலாயிரம் கோழி.
இட்ட முட்டை திரும்பிப் பார்ப்பதற்குள்
சரிவில் உருண்டு என் பக்கம் வந்துவிடும்.
ராத்திரி பதினொன்று வரை விளக்கு எரிய வேண்டும்,
பொழுது இன்னும் சாயவில்லை என்று
அவற்றை நம்பவைக்க.

"மூணாவது வரிசை, ஓரத்துல," என்றேன்.
"அதுக்குப் பேரு?"
ஒரே பன்றிக்கு ஆறு பேர் வைத்தவள்,
வாயில் ஒன்றும் வரவில்லை.

கடைசிப் பக்கம் கருநீலம்.
பசு படுத்திருக்கும், பன்றி படுத்திருக்கும்,
காய்ச்சல்கார ஆடும்.
இந்தப் பக்கத்தை அவளே படிப்பாள்,
புரியாத எழுத்தின் மேல் விரல் ஓட்டி:
"எல்லாரும் தூங்கியாச்சு.
வெளக்க அணைச்சாச்சு."
தினமும் அதே சொல். ஒரு எழுத்து மாறாது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று.
புதிதில்லை.
கோ ஜோ வெளியிலிருந்து கத்தினார்,
ஜெனரேட்டர் கயிறு என் கையில் இருந்தது.
இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்ளும்.
இழுக்கவில்லை.

கூச்சல் வரிசை வரிசையாகத் தணிந்தது.
முழு அமைதி என்று சொல்ல முடியாது.
கம்பி ஒன்று முனகியது,
இறகு இறகோடு உரசி இடம் தேடியது,
எங்கோ மூலையில் தொண்டைக்குள் ஒரு உருட்டல்,
உலை அடங்கும் சத்தம் மாதிரி.
நாற்றம் மட்டும் அப்படியே.
நானும் முகமூடியை இறக்கிவிட்டு நின்றேன்.

"என்ன ஆச்சு?"
"பிடிக்க மாட்டேங்குது," என்றேன் பர்மியத்தில்.
அந்த மொழியில் பொய் எனக்குச் சுளுவாக வந்தது.

டார்ச் வெளிச்சம் கதவை நெருங்கியபோது இழுத்தேன்.
எட்டாயிரம் கண்.

மறுநாள் முட்டை குறையவில்லை.
கூடவும் இல்லை.
கோ ஜோ கயிற்றை மாற்றச் சொன்னார்,
காசை என் கூலியில் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி புத்தகத்தோடு வந்தாள்.
"அந்த ஓரத்துக் கோழி தூங்குச்சா?"
"தூங்குச்சு."
"ரொம்ப நேரமா?"
"ஒரு பக்கம் அளவு."

வைக்கோலைத் தூக்கினாள்.
கோழி கண்ணைத் திறந்து வைத்திருந்தது,
அச்சடித்தது அப்படி.
திரும்ப மூடினாள்.
கிழிந்த ஓரம் எழும்பி எழும்பி நிற்க,
உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு
"நீ புரட்டாதே," என்றாள்.