எந்த மலை தெரியும்

அஸ்தம்பட்டியில் கேட்டார்கள், எந்த ஆளுங்க என்று.
குகையில், கறி எடுப்பீங்களா என்று.
சூரமங்கலத்து வீட்டுக்காரர்
என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்,
என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருவார் என்று.
அப்படி யாரும் இல்லை என்றேன்.
டூ-லெட் பலகையை அப்போதே கழற்றி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பதினோரு நாள்.
காலையில் லேபில் ஊரார் ரத்தத்தை நான் எடுப்பேன்.
மாலையில் எனக்கு எடுப்பார்கள்.

அப்போதுதான் போனில் வந்தது அழகாபுரத்து மாடி வீடு.
இரண்டு படுக்கையறை, ஏழாயிரத்து ஐந்நூறு.
அந்தத் தெருவில் அந்தக் காசுக்கு
கார் நிறுத்த இடம்கூடத் தரமாட்டார்கள், தெரியும்.
தெரிந்தும் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்,
ஒவ்வொரு அறையிலும் என் கட்டிலைப் போட்டு.

மிலிட்டரியாம், ஜம்முவுக்கு மாற்றலாம்.
கேட்காமலே ஆதார் அட்டையை அனுப்பினார்.
தனியாள் என்றேன். அதனாலென்ன மேடம்.
கறி எடுப்பேன் என்றேன். உங்க வீடு, உங்க இஷ்டம்.
சாதியை நானே சொல்லப் போனேன். அதெல்லாம் எதுக்கு மேடம்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.
இந்த ஊரில் இப்படி ஒரு மனிதர்.

அரை மணி கழித்துத்தான் உறைத்தது.
இந்த ஊரில் இப்படி ஒரு மனிதரா?

டோக்கன் பதினைந்தாயிரம், இன்றைக்குள்.
சாவி கூரியரில் வரும்.
இன்னும் நாலு பார்ட்டி க்யூவில்.

மறுபடி படத்தைப் பார்த்தேன்.
ஜன்னல் முழுக்க வெறும் வானம்.
சேலத்தில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும்
ஏதாவது ஒரு மலை வந்து எட்டிப் பார்க்கும்,
கஞ்சமலையோ, ஜருகுமலையோ,
போனால் போகிறதென்று வெள்ளைக்கல் தோண்டிய மேடாவது.
கேட்டேன்: மாடியிலிருந்து எந்த மலை சார் தெரியும்?

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எல்லா மலையும் தெரியும் மேடம்."

வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றேன்.
மேடம் போய், ஏம்மா வந்தது.
ஊசி தொட்டதும் நழுவும் நரம்பு மாதிரி
நழுவிக் காணாமல் போனார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன்.
வீடு இருந்தது. படத்திலிருந்த அதே பச்சை கேட்.
கேட்டில் சாக்பீஸ் எழுத்து:
இந்த வீடு வாடகைக்கு இல்லை.
ராத்திரி மழையில்
"இல்லை" மட்டும் பாதி கரைந்திருந்தது.

எனக்கு முன்பே ஒரு குட்டியானை நின்றது.
மேலே பீரோ, மிக்சி, கவிழ்த்துக் கட்டிய சைக்கிள்.
சென்றாயன், பேக்கரி மாஸ்டர், மேச்சேரிக்காரர்.
அணைந்துவிட்ட நம்பரை
அழுத்திக்கொண்டே இருந்தார்.
டோக்கன் பதினைந்து, கேட் பாஸுக்கு என்று ஐந்து.
கேட்டைத் தள்ளினால் திறக்கும்,
அதற்கொரு பாஸ்.
ஏழரைக்கு நல்ல நேரம் என்று
பால் பாக்கெட்டோடு நின்றாள் கோகிலவாணி.
பாக்கெட் வியர்த்து அவள் புடவையில் சொட்டியது.

ரெஜினா டீச்சர் நைட்டிமேல் துண்டோடு இறங்கி வந்தார்.
"இந்த மாசம் இது ஆறாவது வண்டி."
திட்டவில்லை. பாலை வாங்கிக்கொண்டு மேலே போனார்.
நான் 1930க்கு அடித்து, சென்றாயனிடம் போனைக் கொடுத்தேன்.
என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம்
முதலில் தன் அப்பா பெயரைச் சொன்னார்.

நல்ல நேரத்துக்குள் பால் பொங்கியது,
வேறு ஒருவர் அடுப்பில்.
டிரைவருக்கும் சேர்த்து ஐந்து டம்ளர் டீ.
வெயிட்டிங் சார்ஜ் பற்றிப் பேச வாயெடுத்தவன்
குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.
மாடிச்சுவருக்கு அப்பால்
சேர்வராயன் மட்டும் தெரிந்தது,
அதுவும் மேகம் போக மீதி.

"உனக்கும் வீடு வேணுமா?
கன்னங்குறிச்சியில என் நாத்தனார் வீடு ஒண்ணு காலியா இருக்கு,"
என்ற டீச்சர்
டம்ளரைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.
"தப்பா நெனைக்காத. நீங்க என்ன ஆளுங்க?"

அந்தக் கேள்வியில் தெரிந்துவிட்டது,
கன்னங்குறிச்சியில் நிஜமாகவே ஒரு வீடு இருக்கிறது.