கொக்கட்டிச்சோலை பீடர்

பொய் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.
வவுணதீவில், காலை ஒன்பதரைக்கு,
டெஸ்ட் பெட்டியின் குமிழைத் திருகி
ரிலேயின் காதில்:
கம்பி அறுந்து வயலில் கிடக்குது,
இரண்டு மடங்கு கறண்ட் பாயுது.

கண்ணாடிக்குள் தட்டு நம்பிச் சுழல்கிறது.
மூன்று செக்கன் கணக்கு.
வந்தது. தொட்டது.
டைமர் நிற்கவில்லை.
எட்டு, ஒன்பது, பத்து…
"நிப்பாட்டு" என்றார் பார்தெலட்.

மூடியைக் கழற்றினேன்.
இரண்டு தொடுமுனைக்கும் நடுவில்
நாலாய் மடித்த லொத்தர் சீட்டு,
ஓரம் பழுத்து.
தேர் இரவில் லைற் போகக்கூடாதென்று
யாரோ செருகியிருக்கலாம்.
எடுக்க மறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எத்தனை மாரி,
எத்தனை தென்னோலை கம்பியில்.
ஒவ்வொரு முறையும் இது
சொன்ன நேரத்துக்கு வந்து
கடதாசியைத் தொட்டுவிட்டு நின்றிருக்கும்.
மேல் பிரேக்கர் விழுந்து
ஊர் முழுக்க இருண்டிருக்கும்.
குரங்கு பாய்ந்தது என்று
நாங்கள்தானே எழுதினோம்.

பார்தெலட் சீட்டை விரித்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒரு இலக்கம் தவறியிருக்காம்.

மறுபடி பொய் சொன்னேன்.
மூன்று தசம் பூச்சியம் இரண்டு.
டக்கென்று சிவப்புக் கொடி விழுந்தது.

படிவத்தில்
'தொடுமுனை துப்புரவு' என்று மட்டும்
எழுதச் சொன்னார்,
சீட்டைப் பேர்சுக்குள் வைத்தபடி.