ஆறு பேர் பாய்ந்த பிறகு

நெப்ராஸ்காவில் வெள்ளிக்கிழமை இரவென்றால்
சோளக்காட்டுக்கு நடுவே நாலு விளக்குக் கம்பம்,
கம்பத்தைச் சுற்றிப் பூச்சிகள்,
கீழே நாங்கள் பதினோரு பேர்.

கோச் க்ரூகர் காது மடலைத் தொட்டால்
பிளிட்ஸ்.
நால்வர் பார்க்கும் வேலைக்கு
ஆறு பேரை ஏவிவிடுவது.
பந்தெறிபவன் யோசித்து முடிக்குமுன்
அவன் நெஞ்சில் போய் மோதுவது.
வாரன் இடப்புறமிருந்து,
டெல்பர்ட் நடுச்சந்தில் புகுந்து.
ஊரே எழுந்து நிற்கும்.
மறுநாள் காலை உணவகத்தில்
அவர்களிடம் முட்டைக்குக் காசு வாங்குவதில்லை.

நான் பாய்வதில்லை.
சேஃப்டி. கடைசி ஆள்.
எனக்கு அந்தச் சொல்லின் பொருள்
அவர்கள் விட்டுப்போன புல்.
டெல்பர்ட்டின் குதிகால் கிளப்பிய மண்
இன்னும் கீழே இறங்காத இடம்.
பந்து அங்கேதான் வரும்.
வராவிட்டால், நான் இருந்ததே யாருக்கும் தெரியாது.
வந்து நான் கோட்டைவிட்டால்
பெட்ரோல் பங்க் வரைக்கும் என் பெயர்தான்.

பந்துதைக்க ஜெர்மனியிலிருந்து
ஒரு வருஷத்துக்கு வந்த ஹென்னிங்
முதல் நாள் யாரோ "பிளிட்ஸ்!" என்று கத்த
அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
அவன் ஊரில் அது வெறும் மின்னல்.
கேமரா வெளிச்சம்கூட அதுதானாம்.
"பளிச்சென்றதும் எண்ணுவோம், இடி வரும்வரை" என்றான்.
யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசி. மூன்றாம் கால்பகுதி.
க்ரூகர் காதைத் தொட்டார்.
ஆறு பேர் போனார்கள்.
எதிரணியின் ட்ரூமன் லான்ஸ்கி
நாலடி பின்வாங்கி
நேராக என்னைப் பார்த்தான்.
என் வலப்பக்கம் ஒருவன் ஓடுகிறான்,
இடப்பக்கம் இன்னொருவன்,
நான் ஒருத்தன்.
பந்து மேலே.

மேற்கே சோளக்காடு முழுக்க வெள்ளையானது.
பந்தைக் காணோம்.
எனக்கு மட்டுமல்ல, ஓடிவந்தவனுக்கும்.
எங்களுக்கு நடுவே தொப்பென்று விழுந்து
அது இரண்டு முறை துள்ளியது.

விசில். எல்லோரும் உள்ளே.
கடைசி மின்னலிலிருந்து அரை மணி நேரம்,
இன்னொன்று வெட்டினால் மறுபடி முதலிலிருந்து.
இரண்டு அணியும் ஒரே கொட்டகையில்,
ஈரச் சாக்ஸ் நாற்றம்,
டெல்பர்ட்டும் ட்ரூமனும் ஒரே பாட்டில் தண்ணீர்.
"அந்தப் பக்கம் யாருமில்லை என்று நினைத்தேன்"
என்றான் ட்ரூமன் என்னிடம்.
"பாதி சரி" என்றேன்.

கதவோரம் போய் நின்றேன்.
விளக்குகள் அணைக்கவில்லை.
மழை, வெள்ளைக் கோடுகள், ஒரு பந்து.
இருபத்திரண்டு பேரும் பாய்ந்தாகிவிட்டது,
இந்தப் பக்கமாக.
இப்போது மைதானம் மொத்தமும்
நான் நிற்க வேண்டிய இடம்.

மறுபடி வெட்டியது.
பின்னால் ஹென்னிங் எண்ணத் தொடங்கினான்,
அவன் மொழியில்.
நாலைந்தாவது எண்ணில்
சிரித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.