முப்பத்தாறரை

எல்லோரும் முதலில் தூக்கித்தான் பார்க்கிறார்கள்.
ஓட்டிப் பார்ப்பதில்லை.
ஞாயிறு விடிகாலை ஐந்தரை, பெரியார் சிலை,
பதினான்கு சைக்கிள், பதினான்கு தலைக்கவசம்.
என்னுடையதை மட்டும்
சந்தையில் சேவலின் எடை பார்ப்பதுபோல்
நடுக்கம்பியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி
"பதினெட்டு இருக்கும்" என்கிறார் ஒருவர்.
"பத்தொன்பது. தண்ணி பாட்டில் இல்லாம."

அடுத்த கேள்வி, என்ன கம்பெனி.
அருளானந்து.
அது எந்த ஊர்க் கம்பெனி?
கழனிவாசல். கிரில் கேட் பட்டறை.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.
வயிரவன் மட்டும் சிரிக்காமல் குனிந்து
பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
அவருடையது கார்பன், ஏழரைக் கிலோ.
விலையை அவர் சொல்வதில்லை,
மற்றவர்கள் சொல்கிறார்கள்.
கம்பெனி செய்வதிலேயே சின்ன அளவு அது.
அப்படியும் நிறுத்தினால்
அவருக்குக் குதிகால் தரையில் படாது.

செஞ்சைப் பையன்களுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது.
"ஜட்டி போட்ட ஆபீசருங்க" என்பார்கள்.
அவர்கள் வண்டியில் பிரேக் கிடையாது.
இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.
ஹேண்டில்பாரை அறுத்து ஆட்டுக்கொம்பாய் நிமிர்த்தி,
ஆரக்கம்பிக்கெல்லாம் ஜிகினா சுற்றி,
மகர்நோன்புப் பொட்டலில்
முன்சக்கரம் வானத்தைப் பார்க்க வட்டமடிக்கிறார்கள்.
இவர்களாவது நம்ம ஆட்கள் என்று நினைத்து
ஒருநாள் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.
"அக்கா, பிரேக் வச்சிருக்கீங்க" என்றான் அஜ்மீர்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஆறடி அரை அங்குலம் நான்.
குரூப் போட்டோவில் எப்போதும் பின்வரிசை ஓரம்.
சுடிதாருக்குக் கால் மீட்டர் கூடுதல்.
பெண் பார்க்க வந்தவர்கள்
"எந்திரிக்க வேணாம்மா, உக்காந்தே இரு" என்றார்கள்.
கடையில் வாங்கிய சைக்கிள் ஒவ்வொன்றிலும்
என் முழங்கால் ஹேண்டில்பாரோடு சண்டை போட்டது.
சீட்டுக் குழாயைக் கோட்டுக்கு மேலே ஏற்றினேன்.
கோவிலூர் ரோட்டில் அது முறிந்தது.
முகவாயில் ஏழு தையல்.
உற்றுப் பார்த்தால் அந்த வெல்டும் தெரியும்.

அருளானந்து எதற்கு என்று கேட்கவில்லை.
கேட்டுக்கு அளக்கிற டேப்பை எடுத்தான்.
பிறகு என்ன தோன்றியதோ,
மனைவியைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்துவிட்டு
வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றான்.
ஜெபமணி அளந்தாள். சத்தமாய்ச் சொன்னாள்.
அவன் அங்கிருந்தே
சாத்தி வைத்திருந்த தகரத்தில் சாக்பீஸால் எழுதினான்:
கால் உள்ளளவு முப்பத்தாறரை.
யாரும் அம்மாடி என்று சொல்லவில்லை.
எனக்கு மேலே ஒரு மாடிப்படிக் கைப்பிடி.
கீழே யார் வீட்டு ஜன்னலோ.

குழாயெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அறுத்தது.
எந்த ஆஸ்பத்திரி என்றேன்.
"படுத்தவங்கள்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க,
பயப்படாம ஓட்டுங்க."

போன வியாழன்
மட்கார்டுக்கு ஒரு நட்டு கேட்டுப் போனபோது
தகரத்தில் புதிதாய் ஒரு கணக்கு.
கால் உள்ளளவு இருபத்தேழேகால்.
பெயர் இல்லை.
"யாருக்கு?"
"ஜன்னலுக்கு" என்றான் அருளானந்து,
என் முகத்தைப் பார்க்காமல்.
ஜன்னலுக்கு ஏது கால்?
நட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஞாயிறும்
குன்றக்குடி ஏற்றத்தில் நான்தான் கடைசி.
மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.
வயிரவன் உச்சியில் நின்றிருந்தார்,
கார்பனைச் சாய்த்து, ஒரு கால் விரல்நுனியில்.
"வெயில்" என்றார்.
"ஆமா" என்றேன்.
வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.
அதற்குள் இறக்கம் வந்துவிட்டது.
பத்தொன்பது கிலோ
இறக்கத்தில் யாருக்காகவும் நிற்காது.