ஐஸ் கம்பெனி நோட்டு

மண்டபம். பின்னிரவு.
கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
டீசல் இல்லையென்று சகுபர்
நாலாவது தடவை சொல்கிறான்.

உமியைத் தள்ளிப் பார்க்கிறேன்.
பாளங்கள் ஓரம் மழுங்கி
வாய்க்காலில் இறங்குகின்றன.
போன வெள்ளிக்கிழமைச் சூடை
பெட்டிக்குள் வெள்ளிக்கிழமையாகவே கிடக்கிறது,
இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.

வடதுருவத்துப் பக்கம்
தரையே ஐஸ் பெட்டியாம்.
கடப்பாரை இறங்காத மண்ணில்
பத்தாயிரம் வருஷத்துப் புல், வேர், பாசி
அழுகக்கூட நேரமில்லாமல் உறைந்தவை.
இப்போது அங்கே கோடை நீள்கிறது,
மூடி நெகிழ்கிறது.
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பந்தியில் உட்கார,
புல் வாயுவாகிக் கிளம்பி
அடுத்த கோடையை இன்னும் காய்ச்சுகிறது.
வட்டி குட்டி போடும் கடன்.
அதற்கு டீசல் வாங்க
எந்தப் பங்குக்குப் போவது?

விடியலில் கரண்ட் வந்தது.
தண்ணீர் மறுபடி பாளமானது.
மீன் மட்டும்
வெள்ளிக்கிழமைக்குத் திரும்பவில்லை.

மிக்கேலம்மா செவுளை விரித்து
மோந்து பார்த்தாள்.
“கருவாட்டுக்குத்தான்.”

எழுதினேன்:
சூடை, நாற்பது கிலோ, கழிவு விலை.
காற்றில் போனதை எழுத
இந்த நோட்டில் பத்தி கிடையாது.