அரை மணித்தியாலம்

டெபியன் நிறுவி முடிய இரவு பத்தரை.
மழைக்குக் கொக்குவில் முழுக்கத் தவளை.
எந்த நாடு என்று கேட்டது, சொன்னேன்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
நேரத்துக்கு நேரே கொழும்பு என்று
தானே எழுதிக்கொண்டது.
இருக்கட்டும். நேரம் ஒன்றுதானே.

குருநகர் றெஜினோல்ட் கழித்துவிட்ட பெட்டி இது.
வைஃபை அட்டையை லினக்ஸ் அடையாளம் காணவில்லை.
காணவைக்கும் கோப்பு இணையத்தில் இருக்கிறது,
இணையத்துக்குப் போக அட்டை வேணும்.
தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எழுதப் போனால்
முதலில் அடையாள அட்டையைக் காட்டு என்பார்களே,
அந்தக் கதை.
போனை வயரால் பிணைத்து, அதன் டேட்டாவில்
ஒரு மாதிரி இறக்கினேன்.

கடவுச்சொல் கேட்டது. தட்டினேன்.
ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை.
பிறகு ஆங்கிலத்தில் ஒரே வரி:
சறோயினி பட்டியலில் இல்லை,
இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்.

யாருக்கு?

வீட்டில் நான் மட்டும். பெட்டியும் என்னுடையது.
என்றாலும் எழும்பிப் போய்
கேற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.
பூட்டித்தான் இருந்தது.
திரும்பி வந்து, நிர்வாகியாக உள்ளே போய்,
என் பெயரை நானே பட்டியலில் சேர்த்தேன்.
இந்த ஊரில் இத்தனை வருஷத்தில்
இப்படி ஒரு வசதி கிடைத்தது இண்டைக்குத்தான்.

நானூற்றுச் சொச்சம் பொதிகள் இறங்கட்டும் என்று விட்டு
தேத்தண்ணி ஊற்றினேன்.
தமிழ் எழுத்துரு, ரெங்கநாதன் விசைப்பலகை.
பிரிண்டர் கேட்காமலே வந்து சேர்ந்தது. அதிசயம்.

பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்.
கஸ்தூரியார் வீதியில் நான் ரைப்பிங் கடை வைத்திருந்த காலத்தது.
கோப்புகளை நிரைப்படுத்தினேன்.
இரண்டாயிரத்து மூன்று, வைகாசி.
மணிக்குப் பக்கத்தில் +0600.

பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஐந்தரை அல்லவோ எங்களுக்கு.
பிறகு பொறி தட்டியது.
புது நேரம் பத்து என்றால் பழைய நேரம் ஒன்பதரை!
கந்தோருக்குப் புது நேரம். தாலி கட்டப் பழைய நேரம்.
பஸ்சுக்கு எது என்று கொண்டக்டரைக் கேட்கவேணும்.
முகமாலை தாண்டினால்
மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேணும்.
ஒரு சித்திரையில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள்,
நாங்களும் மறந்துபோனோம்.
எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் இருந்து
அதையும் ஒரு அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்.
சம்பளம் இல்லாமல்.

ஒரு கோப்பைத் திறந்தேன். பாமினி எழுத்துரு இல்லாததால்
திரை முழுக்க ஆங்கில எழுத்துச் சிதறல்.
aho;g;ghzk;
கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
கையை மேசையில் வைத்து
அந்த எழுத்துகள் இருக்கும் இடங்களை
வெறும் பலகையில் தட்டிப் பார்த்தேன்.
விரல் வாசித்தது: யாழ்ப்பாணம்.

அடுத்தது வசாவிளான். அடுத்தது கிணறு.
அரசாங்க அதிபர் அவர்கட்கு,
உயர் பாதுகாப்பு வலயத்தினுள் உள்ள எனது வளவினை
ஒரு தடவை சென்று பார்ப்பதற்கும்
கிணற்றடியில் விட்டுவந்த நீரிறைக்கும் மோட்டரை
எடுத்து வருவதற்கும்

கீழே, எனக்கென்று நான் போட்ட குறிப்பு:
அற்புதராணி. மூன்று பிரதி.
நாற்பது ரூபா வரவேணும்.
எடுக்க வரவில்லை.

பாமினியைப் போட ஒரு நிமிஷம் காணும்.
போடவில்லை.
மோட்டரின் குதிரைவலு, வாங்கின கடை,
பற்றுச்சீட்டு இல்லை என்பதற்கு அவ சொன்ன காரணம்,
எல்லாம் மேசையில் தட்டித் தட்டியே வந்தது.

மூலையில் ஒரு குறி,
மறுபடி தொடங்கவேணும் என்கிறது.
பொறு.
இன்னும் கையொப்பம் வரவில்லை.