தன்வினை, பிறவினை
(கோடைக்கானல், 1902)

பாத்தங்காஸ் போர்முனையிலிருந்து மகன் எழுதியதை
சபையில் வாசிக்கத் தமிழாக்கியிருந்தாள் துரைசாணி.
திருத்த நான். முன்ஷி, மாதம் ஆறு ரூபாய்.

"ஊர் எரிந்தது. பத்தாயங்கள் எரிந்தன.
நெல் வெடித்துப் பொரி வாசனை, அம்மா,
நம்மூர்ச் சந்தை மாதிரி.
பிடிபட்டவனுக்குத் தண்ணீர் வைத்தியம் செய்தோம்."

"என்ன நோயோ, பாவம்" என்றாள்.
கைகால் கட்டியா வைத்தியம்?
கேட்கவில்லை. இலக்கணம் மட்டுமே என் பாடு.

மூலத்தில் 'நாங்கள்' இருந்தது.
தமிழில் காணோம்.
ஊருக்கு ஓர் ஐகாரம் சேர்த்தேன்.
'எரிந்தது' அடித்துச்
சிவப்பு மையில் 'எரித்தோம்'.

பேரிமரத்தை மஞ்சு மூடும்வரை
அதையே பார்த்திருந்தாள்.
"மை காயவில்லை, முன்ஷி."

ஒற்றுத்தாளை எடுத்து
அந்த ஒரு சொல்மேல் வைத்து
அழுத்தினாள்.
காய்ந்த பிறகும்
அழுத்திக்கொண்டிருந்தாள்.